லைனை டெலீட் செய்யாதீர்கள், இழுத்து மாற்றுங்கள்

வியாசர்பாடியானாலும் திருவொற்றியூரானாலும், ஐடிஐ, டிப்ளமா பிள்ளைகளுக்கு கேட் (CAD, கம்ப்யூட்டரில் வரைபடம், மாடல் செய்வது) பிராக்டிகலில் மார்க் போவது பெரும்பாலும் வரையத் தெரியாமல் அல்ல. வரைந்ததைத் திருத்தப் போய்த்தான். பாதி மாடல் முடிந்த பிறகு ஓர் அளவு தப்பு என்று கண்ணில் படும். ஸ்கெட்சை (மாடலுக்கு அடிப்படையான தட்டைக் கோட்டுப்படத்தை) திறந்து, அந்த லைனை டெலீட் செய்து புதிதாகப் போட்டுவிட்டு வெளியே வந்தால் ஃபீச்சர் ட்ரீயில் (மாடல் செய்த படிகளின் பட்டியலில்) வரிசையாகச் சிவப்புக் குறி.

சாலிட்வொர்க்ஸ் என்ற கேட் மென்பொருள் ஒவ்வொரு லைனுக்கும் உள்ளே ஓர் அடையாள எண் வைத்திருக்கிறது. அந்த லைனிலிருந்து எழுந்த விளிம்பில் போட்ட ஃபில்லெட் (விளிம்பை உருட்டும் வளைவு) அந்த எண்ணைப் பிடித்துத்தான் நிற்கிறது. அதே இடத்தில் அதே நீளத்துக்குப் போட்டாலும் புது லைனுக்கு வேறு எண். ஆகவே முனையைப் பிடித்து இழுங்கள், இல்லையென்றால் டைமென்ஷனை (அளவை) மாற்றுங்கள். நேர்கோடு வளைவாக மாறியே ஆகவேண்டும் என்றால் வளைவை வரைந்துவிட்டு, பழைய லைனில் ரைட் கிளிக் செய்து 'ரீப்ளேஸ் என்டிட்டி' கொடுங்கள்.

இன்னொரு வழக்கமான சறுக்கல். 120 × 80 மி.மீ. பிளேட், ஓட்டைகளை இடது விளிம்பிலிருந்து 15, 105 என்று அளவு போட்டாயிற்று. 120-ஐ 100 ஆக்கச் சொன்னால் வலது ஓட்டை பிளேட்டுக்கு வெளியே நிற்கும். நடுவில் சென்டர்லைன் போட்டு, ஓட்டைகளை அதற்கு இருபுறமும் சம தூரத்தில் சிமெட்ரிக் ஆக்கி, வலது ஓட்டைக்கு வலது விளிம்பிலிருந்து 15 கொடுத்திருந்தால் தானே நகர்ந்திருக்கும். மணலிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் வேலைக்குப் போனாலும் ரிவிஷன் வரும்போது கைகொடுப்பது இந்தப் பழக்கம்தான்.

ஸ்கெட்ச் கோடுகளின் நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் அளவு கொடுத்து இன்னும் கட்டவில்லை, கருப்பு என்றால் முழுதாகக் கட்டியாயிற்று. ஒன்றோடொன்று மோதி மஞ்சளோ சிவப்போ வந்தால் கண்டதையும் நீக்க வேண்டாம். கடைசியாகச் சேர்த்த ரிலேஷனையோ (கோடுகளுக்கு இடையிலான உறவு) டைமென்ஷனையோதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கை வைக்கும் முன் 'சேவ் ஆஸ்' செய்து ஒரு காப்பி. ஸ்கெட்சுக்குள் குழம்பிவிட்டால் வலது மேல் மூலையில் உள்ள சிவப்புப் பெருக்கல் குறி. அந்த முறை செய்த மாற்றம் மட்டும் போய்விடும். ஸ்கெட்சை விட்டு வெளியே வந்த பின், உள்ளே செய்ததை ஒவ்வொன்றாக அன்டூ செய்ய முடியாது என்பதைப் பலர் பரீட்சை ஹாலில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

பிழை பல இருந்தால் ரோல்பேக் பாரை (ஃபீச்சர் ட்ரீயின் அடியில் உள்ள, மேலே இழுத்தால் கீழுள்ள படிகளை நிறுத்திவைக்கும் கோடு) திருத்திய ஸ்கெட்சுக்குக் கீழே வரை ஏற்றி, பிறகு ஒவ்வொரு ஃபீச்சராக இறக்குங்கள். முதலில் சிவக்கிறதைச் சரி செய்தால் அதற்குக் கீழே உள்ள பாதி தானே அடங்கும்.

வீட்டில் பழக ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருள் போதும், காசு கிடையாது. அதில் முழுதாகக் கட்டிய ஸ்கெட்ச் பச்சையாகும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பையோ அதற்கு மேலோ போடுங்கள். பழைய பதிப்புகளில் ஸ்கெட்சைத் தொட்டால் ஃபில்லெட் வேறு விளிம்புக்குத் தாவிவிடக்கூடும்.