எண்பதைத் தாண்டினால் ஊளை: கூரைக் கம்பிகளோடு இரண்டு பயணம்

நேற்று இரவுதான் திரும்பி வந்தோம். ஒன்பது மணி நேர ஓட்டம். வழி நெடுக நான்கு பேரும் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே வந்தோம். இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், எஸ்யூவியின் தலையில் கண்ட கம்பியைப் பூட்டி நெடுஞ்சாலையில் போகாத பாக்கியசாலிகள்.

இரண்டு மாதம் முன்பு இதே வண்டியில் இதே சாலையில் போனோம். பின் சீட்டிலிருந்து மகள் ஏதோ கேட்டாள். நான் "என்னம்மா?" என்று மூன்று தடவை கத்தினேன். நான்காவது தடவை "ஒண்ணுமில்லப்பா" என்று விட்டுவிட்டாள். அந்தப் பயணத்தில் பார்த்த மலையும் ஏரியும் மங்கலாகத்தான் நினைவில் இருக்கின்றன. கூரைக் கம்பி போட்ட ஊளை மட்டும் சுருதி பிசகாமல் நினைவிருக்கிறது.

கதை இப்படித் தொடங்கியது. இரண்டு சைக்கிள், ஒரு கூடாரம், நால்வரின் பைகள். உள்ளே இடம் போதாது. வண்டியின் கூரையில் முன்னிருந்து பின்னாக ஓடும் ரெயில்கள் வாங்கும்போதே இருந்தன. அவற்றின் மேல் குறுக்கே பூட்டும் இரண்டு க்ராஸ்பார்தான் தேவை. விலை விசாரித்தால், நல்ல ஜோடி ஒன்றின் பணத்தில் இரண்டு இரவு விடுதியில் தங்கிவிடலாம் போலிருந்தது. யோசித்துக்கொண்டிருந்தபோது மச்சான் போன் செய்தார். "எதுக்கு மாப்ள வீண் செலவு? என்னோட பழைய செட்டு பரண்ல சும்மாதானே கிடக்கு, எடுத்துக்கோங்க."

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ரகம் நான். எடுத்துக்கொண்டேன்.

சதுர இரும்புக் கம்பி, மேலே கறுப்பு பிளாஸ்டிக் உறை. ஒரு முனையில் மூடி இல்லை. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? ஊருக்குள் ஓட்டும்போது சத்தமே இல்லை. நெடுஞ்சாலை ஏறி எழுபதைத் தொட்டதும் மெல்ல ஒரு ரீங்காரம். எண்பதில் அது முனகல். தொண்ணூற்றைந்தில் யாரோ கூரைமேல் உட்கார்ந்து சங்கு ஊதுவது போல ஒரே சுருதியில் ஊஊஊ. பாட்டை சத்தமாக வைத்தால் பாட்டும் ஊளையும் சேர்ந்து தலைவலி. எண்பதுக்குக் கீழே போனால் இரவுக்குள் போய்ச் சேர முடியாது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஓசிக் கம்பி கொடுத்தது அவள் அண்ணன் ஆயிற்றே.

அன்று எங்களைக் காப்பாற்றியது ஒரு லாரி ஓட்டுநர். வண்டிகள் நிறுத்துமிடத்தில் நான் கம்பியை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எதுவும் லூஸ் இல்ல தம்பி, காத்துதான் கத்துது. கயிறு இருக்கா?" என்றார். சைக்கிள் கட்டக் கொண்டுவந்த நைலான் கயிற்றை வாங்கி, முன் கம்பியின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இடைவெளி விட்டுவிட்டு, கொடி படர்வது மாதிரி சுற்றி முடிச்சுப் போட்டார். மூடியில்லாத முனையில் ஒரு துணியைத் திணித்தார். மொத்தம் ஐந்து நிமிடம். சங்கு நின்றுவிட்டது! வெறும் காற்றிரைச்சல் மிச்சம் இருந்தது, ஆனால் அந்த ஒற்றைச் சுருதி ஊளை போயே போய்விட்டது. பணம் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார்.

கயிற்றுக்கு அப்படி என்ன மந்திரம் என்று திரும்பி வந்ததும் படித்துப் பார்த்தேன். காற்று ஒரு கம்பியில் மோதி இரண்டாகப் பிரிந்து போகும்போது, கம்பிக்குப் பின்னால் சுழல்கள் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாறி மாறிக் கழன்று போகின்றன. ஒவ்வொரு சுழலும் கம்பியை ஒரு தட்டுத் தட்டுகிறது. தட்டுகள் சீரான தாளத்தில் வந்தால் அதுவே சுருதி. செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரூஹால் 1878ஆம் ஆண்டிலேயே காற்றில் பாடும் கம்பிகளை ஆராய்ந்து இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். உருண்டைக் கம்பி என்றால் காற்றின் வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து 0.2ஆல் பெருக்கினால் ஏறத்தாழ அந்தச் சுருதி கிடைக்கும். மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள கம்பி, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம்: சுமார் 185 ஹெர்ட்ஸ். நாம் பேசும் குரலின் சுருதி விழுகிற வட்டாரம் அது. சதுரக் கம்பிக்கு அந்த 0.2 இன்னும் குறையும், ஊளை மட்டும் குறையாது. கம்பியின் கால்கள் வழியாக அந்த அதிர்வு கூரைத் தகட்டுக்கு இறங்கினால், தகடு மத்தளத் தோல் மாதிரி அதைக் காருக்குள் வாசிக்கிறது. மகள் கேட்ட கேள்வி எனக்கு எட்டாமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

சுற்றிய கயிறு செய்வது ஒன்றுதான். கம்பியின் நீளம் முழுக்க சுழல்கள் ஒரே நேரத்தில் கழலாமல் ஆளுக்கொரு நேரத்தில் கழலும்படி குழப்பிவிடுகிறது. தாளம் கலைந்தால் சுருதி இல்லை. உயரமான தொழிற்சாலைப் புகைபோக்கிகளின் உச்சியில் திருகு மாதிரி ஒரு தகடு சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதுவும் இதே வேலைக்குத்தானாம், அங்கே புகைபோக்கி ஆடாமல் இருப்பதற்காக. லாரிக்காரர் எந்தப் புத்தகமும் படிக்காமல் ஐந்து நிமிடத்தில் செய்துவிட்டார்.

சரி, இந்தத் தடவை காசு போட்டே வாங்குவது என்று முடிவெடுத்தேன். எதைப் பார்த்து வாங்கினேன் என்று வரிசையாகச் சொல்ல நினைத்துத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன், லாரிக்காரர் நடுவில் வந்துவிட்டார்.

முதலில் வடிவம். என்னைக் கேட்டால் முக்கால்வாசி விஷயம் இதிலேயே முடிந்துவிட்டது. சதுரம் மோசம், உருண்டை அதற்குக் கொஞ்சம் தேவலை, விமானச் சிறகு மாதிரி தட்டையாக நீண்டு வால் மெலியும் அலுமினியக் கம்பிதான் அமைதி. ஓர் உருண்டைக் கம்பிக்கும், அதைவிடப் பத்து மடங்கு தடிமனான சிறகு வடிவத்துக்கும் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய சமம் என்று காற்றியல் பாடத்தில் சொல்வார்கள். காற்று ஒட்டியபடியே வழுக்கிப் போய்விடுகிறது, பின்னால் பெரிய சுழல் கிளம்பாது. கம்பி தயாரிக்கும் பெரிய பெயர்கள் எல்லாரும் இந்தப் பக்கம்தான் வந்திருக்கிறார்கள்: தூலியின் விங்பார், யாகிமாவின் ஜெட்ஸ்ட்ரீம், ரைனோ-ராக்கின் வோர்டெக்ஸ். விங்பாரின் மேல்பக்கத்தில் மெல்லிய வரிகள் ஓடும், வோர்டெக்ஸின் மேல் ஒரு ரப்பர் பட்டை மேடாக நிற்கும். காற்றைச் சிறுசிறு துண்டாகக் கலைக்கத்தான் இரண்டுமே. கயிற்றின் சொந்தக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நீளம். ரெயிலைத் தாண்டி இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் கூடுதலாக இரண்டு பை வைக்கலாம். ஆனால் நீட்டிய துண்டு காற்றில் நிற்கும், சத்தமும் கூடும். ரெயிலோடு முடிந்துவிடும் வகை அமைதி, பார்க்கவும் லட்சணம், விலையும் பெரும்பாலும் கூடுதல். இங்கேதான் எனக்கும் பர்ஸுக்கும் ஒரு இரவு முழுக்கச் சண்டை. இரண்டு சைக்கிளுக்கு மேல் நான் ஏற்றப்போவதில்லை என்பதால் ரெயிலோடு முடிவதையே வாங்கினேன். அதற்காக இந்தப் பயணத்தில் ஓர் இரவு விடுதியைக் குறைத்துக் கூடாரத்தில் தூங்கினோம். முதுகு இன்னும் மன்னிக்கவில்லை.

காற்றுத் தடுப்பு என்று முன் கம்பிக்கு முன்னால் சாய்வாக வைக்கும் பலகை ஒன்றையும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். சதுரக் கம்பி வைத்திருப்பவர்களுக்கு அது உண்மையிலேயே உதவும். சிறகுக் கம்பிக்கு அது தண்டச் செலவு என்பது என் கட்சி.

இவ்வளவு பார்த்து வாங்கி, நானே பூட்டி, கிளம்பிய முதல் அரை மணியிலேயே என்ன ஆனது தெரியுமா? விசில்!

ஊளை இல்லை, கூர்மையான விசில். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஓரங்கட்டி, ஏணி இல்லாமல் டயரில் ஏறி நின்று பார்த்தேன். இரண்டு தப்பு, இரண்டும் என்னுடையவை. கம்பியின் மேல்பக்கம் சைக்கிள் தாங்கியைச் செருகுவதற்கு நீளமாக ஒரு பள்ளம் இருக்கிறது. அதை மூட ஒரு ரப்பர் பட்டை கொடுத்திருந்தார்கள். தாங்கியைப் பூட்டிய பிறகு மிச்சமிருக்கும் பள்ளத்தின் அளவுக்கு அந்தப் பட்டையை வெட்டி அழுத்த வேண்டும். நான் அதை ஏதோ பேக்கிங் சாமான் என்று நினைத்துப் பெட்டியிலேயே விட்டிருந்தேன். புல்லாங்குழல் துளை மாதிரி பள்ளம் திறந்து கிடந்தது, காற்று அதன் விளிம்பில் ஊதிக்கொண்டிருந்தது. நல்லவேளை, பெட்டியை மகன் தன் கற்கள் சேகரிக்க எடுத்து வந்திருந்தான், பட்டை அதற்குள்ளேயே இருந்தது.

இரண்டாவது தப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பின் கம்பியைத் திருப்பிப் பூட்டியிருந்தேன். மெலிந்த முனைதானே கத்தி மாதிரி காற்றைக் கிழிக்கும் என்று எண்ணிவிட்டேன். முன் கம்பி சரியாக அமைந்தது வெறும் அதிர்ஷ்டம். மீனைப் பாருங்கள், தலை தடிப்பு, வால் மெலிவு. அதேதான் இங்கும்: தடித்த முனை முன்னால், மெலிந்த வால் பின்னால். சாலையில் கவனித்தால் எத்தனை வண்டிகள் வாலை முன்னால் காட்டிக்கொண்டு ஓடுகின்றன என்று எண்ணவே முடியாது. இப்போது அதை எண்ணுவதுதான் பிள்ளைகளின் பொழுதுபோக்கு.

இரண்டையும் சரிசெய்து, முன் கம்பியை முன்கண்ணாடிக்கு அருகிலிருந்து ஒரு சாண் பின்னால் நகர்த்தினேன். விசில் செத்துவிட்டது. நூறிலும் டயர் சத்தம்தான் முதலில் கேட்டது.

நூறு என்றதும் ஒன்று. வேகம் கூடக்கூட இந்த இரைச்சல் அதே அளவில் கூடுவதில்லை, பாய்கிறது. காற்று உண்டாக்கும் ஒலியின் ஆற்றல் வேகத்தின் ஏறக்குறைய ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. எண்பதிலிருந்து நூறுக்குப் போனால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. எனவே ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு "அமைதியா இருக்கு" என்று சொல்பவர் பேச்சை நம்பாதீர்கள். சுமை இல்லாமல் காலிக் கம்பியோடு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் சீரான ஊளைக்கு வெறும் கம்பிதான் தோது. சைக்கிள் ஏறிவிட்டால் காற்று ஓரளவு கலையும், இரைச்சலும் வேறு மாதிரி வரும்.

பட்டை நாடாவால் சுமை கட்டுபவர்கள் நாடாவைத் தட்டையாக இழுத்துக் கட்டாமல் நடுவில் ஒரு முறுக்கு, இரண்டு முறுக்கு விட்டுக் கட்டுங்கள். தட்டை நாடா காற்றில் படபடத்து அதிரும், அதையும் கம்பியின் கணக்கில் எழுதித் திட்டுவோம்.

எடைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பல எஸ்யூவிகளின் கையேட்டில் ஓடும்போது கூரை தாங்கும் எடை 75 கிலோ என்று இருக்கும், சிலவற்றில் குறைவாக, சிலவற்றில் கூடுதலாக. கம்பியின் எடையும் தாங்கியின் எடையும் அந்தக் கணக்குக்குள் வரும். கம்பியின் அட்டைப்பெட்டியில் பெரிய எண் போட்டிருந்தாலும், இரண்டில் எது சிறியதோ அதுதான் உங்களுக்கு. கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தித் திருகுகளை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பதும் நல்லது. எனக்கு முன் கம்பியின் இடது காலில் திருகு அரைச் சுற்று வாங்கியது.

பெட்ரோல் எவ்வளவு குடித்தது என்று குறித்து வைக்கவில்லை, பயம்தான் காரணம். கூரைமேல் பெரிய பெட்டி வைத்தால் அதிவேக நெடுஞ்சாலையில் 10 முதல் 25 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனப் பக்கம் சொல்கிறது. அதைப் படித்த பிறகு, வீடு வந்து சேர்ந்ததும் உடம்பு வலியோடே கம்பிகளைக் கழற்றிவிட்டுத்தான் படுத்தேன். கழற்றுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

காலையில் மச்சான் போன். அடுத்த வாரம் குடும்பத்தோடு எங்கேயோ கிளம்புகிறாராம். "மாப்ள, என் பழைய கம்பி உங்ககிட்டதானே இருக்கு? கொடுத்து அனுப்புங்க."

கொடுத்து அனுப்பினேன். லாரிக்காரர் சுற்றிய கயிற்றை அவிழ்க்கவில்லை.