ஒப்பாரித் தொகுப்புக்கு ஒரு தேதி முத்திரை

எங்கள் வட்டாரத்து ஒப்பாரிப் பாடல்களைச் சில வருடங்களாகச் சேகரித்து வருகிறேன். ஒலிப்பதிவு, எழுத்து வடிவம், பாடிய அம்மாக்களின் பெயர், ஊர் எல்லாம் கணினியில்தான் இருக்கின்றன. பதிப்பாளர்களுக்கு அனுப்பும் முன், இந்தத் தொகுப்பு இன்ன தேதியிலேயே இருந்தது என்பதற்கு ஓர் ஆதாரம் தேவைப்பட்டது. நாளைக்கு யாராவது அந்த அம்மாக்களின் பெயரை எடுத்துவிட்டு வெளியிட்டால் காட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே. ஃபைலில் தெரியும் தேதியை நம்ப முடியாது. கணினிக் கடிகாரத்தைத் திருப்பினால் அதுவும் மாறிவிடும். கையெழுத்துப் பிரதியைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் பழைய வழக்கம் தெரிந்திருக்கும். அந்த மாதிரி ஒன்றைத் தேடியபோது கிடைத்ததுதான் ஓபன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற இணையச் சேவை. பிட்காயின் மென்பொருளாளர் பீட்டர் டாட் 2016இல் அறிமுகப்படுத்தியது. இலவசம்.

தொகுப்பு முழுவதையும் ஒரே ஜிப் ஃபைலாக்கி அந்தத் தளத்தில் இட்டேன். ஃபைல் எங்கும் பதிவேற்றப்படவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். அதன் ஹாஷ், அதாவது ஃபைலின் கைரேகை மாதிரியான ஒன்று, மட்டும் பிரவுசரிலேயே கணக்கிடப்படுகிறது. எஸ்ஹெச்ஏ-256 முறையில் வரும் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. ஒரு பாட்டில் ஒரே ஒரு கமாவை எடுத்துவிட்டு மறுபடி ஹாஷ் போட்டுப் பார்த்தேன். அடையாளமே தெரியாத வேறு வரி வந்தது. அந்த வரியை வைத்துக்கொண்டு பாட்டைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

நம் ஹாஷை மற்றவர்கள் அனுப்பியவற்றோடு இரண்டிரண்டாகச் சேர்த்து, கடைசியில் ஒரே ஹாஷாக்கி, ஒரே பிட்காயின் பரிவர்த்தனையில் எழுதிவிடுகிறார்கள். பிட்காயினின் பொதுப் பதிவேட்டில் ஏறியதைப் பின்னால் யாரும் மாற்றுவது நடைமுறையில் முடியாது என்பதால் அதுவே தேதிக்குச் சாட்சி. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பரிவர்த்தனை என்பதால்தான் நம்மிடம் காசு கேட்பதில்லை. நம் ஹாஷிலிருந்து அந்தப் பரிவர்த்தனை வரை போகும் வழி, கூடவே இறங்கும் சின்ன ஓடிஎஸ் ஃபைலில் இருக்கிறது. முதலில் அதில் 'காத்திருக்கிறது' என்றுதான் காட்டும். சில மணி நேரம் கழித்து அந்த ஓடிஎஸ் ஃபைலை அப்கிரேட் செய்ததும் பிளாக் எண், அதாவது பதிவேட்டில் நம் பரிவர்த்தனை இருக்கும் பக்கத்தின் எண் மாதிரி, வந்தது. அப்புறம் அந்தச் சேவையே மூடப்பட்டாலும் பிட்காயின் பதிவு இருக்கும்வரை சரிபார்க்கலாம். தளத்தில் சரிபார்ப்பது சுலபம். ஆனால் யாரையும் நம்பாமல் பார்க்க வேண்டுமென்றால் சொந்தக் கணினியில் பிட்காயின் பதிவேட்டை நேரடியாகச் சரிபார்க்கும் பிட்காயின் கோர் என்ற மென்பொருள் ஓட வேண்டும். பழைய பிளாக்குகளைக் கழித்துவிடும் புரூன் முறையே போதும் என்பதால் பெரிய வன்தட்டு தேவையில்லை.

பிளாக்கில் இருக்கும் நேரம் நிமிட சுத்தமாக இருக்காது, ஒன்றிரண்டு மணி நேரம் முன்பின் ஆகலாம். தேதிக்கு அது போதும். ஆனால் ஒன்று: அந்த நேரத்துக்கு முன்பே இந்த ஃபைல் இருந்தது என்பதை மட்டுமே இது நிரூபிக்கும். யார் சேகரித்தது, யார் பாடியது என்பதையெல்லாம் சொல்லாது. அதற்குப் பாடியவர்களிடம் வாங்கிய ஒப்புதல் கையெழுத்துகளையும் ஸ்கேன் செய்து அதே ஜிப்பில் வைத்திருக்கிறேன்.

நீதிமன்றம் என்று வந்தால் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தனியாகக் கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள அந்தப் படிவத்திலேயே ஹாஷ் எழுத இடம் இருக்கிறது.

முத்திரையிட்ட ஜிப்பை இனி தொடுவதில்லை. புதுப் பாட்டு சேர்ந்தால் புது ஜிப், புது முத்திரை. ஜிப்பும் ஓடிஎஸ்ஸும் ஒன்றாகவே, இரண்டு தனித்தனி டிஸ்க்கில் இருக்கின்றன.