ஈர்க்குச்சி – லெந்து கால நாட்குறிப்பு

மார்ச் 5, 2025 – புதன்

சாம்பல் புதன் ஆராதனைக்குப் போய்விட்டு வந்தேன். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலமான இந்த லெந்துக்கு எதை விடுவது? இறைச்சி, பூ, காப்பி என்று நாற்பது வருடமாக மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தாயிற்று. ஈஸ்டர் அன்று எல்லாம் திரும்ப வந்துவிடும். இந்த வருடம் பொருளைப் பற்றியே யோசிக்க வேண்டும் என்று தோன்றியது.

இரவு மாற்கு சுவிசேஷம் பத்தாம் அதிகாரம் வாசித்தேன். நித்திய ஜீவனுக்கு வழி கேட்டு வந்த ஒரு பணக்காரனிடம், உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று இயேசு சொல்லும் இடம். ஆஸ்தியுள்ள அந்த மனிதனை மத்தேயு வாலிபன் என்கிறார், லூக்கா தலைவன் என்கிறார். மாற்கு மட்டும்தான் இயேசு அவனிடத்தில் “அன்புகூர்ந்து” பேசினார் என்று எழுதுகிறார். “விற்று” என்பதோடு கட்டளை முடியவில்லை, “தரித்திரருக்குக் கொடு” என்று தொடர்கிறது. விற்றது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

மார்ச் 9 – ஞாயிறு

ஆச்சியின் நினைவு வந்தது. நான் பார்த்த நாளிலிருந்தே அவள் காது வெறுங்காதுதான். பாம்படம் போட்டு வளர்த்த காது, தோள்வரை தொங்கும். நடக்கும்போது இரண்டு பக்கமும் ஆடும். சிறு பிள்ளையாக இருந்தபோது அந்த வளையத்துக்குள் விரலை விட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

நான் பிறப்பதற்கு முன்பு ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் பாம்படங்களைக் கழற்றிக் காணிக்கையாகப் போட்டுவிட்டாள். தாத்தா ஒரு மாதம் அவளோடு பேசவில்லையாம். “யாரும் கேட்கவில்லை, நானே போட்டேன். என் அம்மா எனக்குப் போட்டது” என்பாள். அவள் சொன்னதில் இந்த இரண்டையும்தான் இப்போது பெரிதாக நினைக்கிறேன். அது அவளுடையது. அவளிடம் யாரும் கேட்கவில்லை. பாரம் போன பிறகு பல நாள் தலையே நேராக நிற்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 18 – செவ்வாய்

எகிப்தின் துறவி புனித அந்தோணியாரைப் பற்றி ஆயர் அத்தனாசியார் எழுதியதை வாசித்தேன். பெற்றோர் இறந்துபோக, இருபது வயதை ஒட்டிய அந்தோணியாரும் தங்கையும் மட்டும் மீந்தார்கள். ஒருநாள் ஆலயத்தில், விற்றுக் கொடு என்கிற அதே வசனம் மத்தேயுவிலிருந்து வாசிக்கப்படக் கேட்டார். முந்நூறு அரூரா (பழைய எகிப்திய நில அளவு) செழிப்பான நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார். மற்றதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தங்கைக்கென்று கொஞ்சம் எடுத்துவைத்தார். இன்னொரு நாள் “நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்” என்று கேட்டதும் அதையும் கொடுத்துவிட்டார். தங்கையைக் கன்னிகைகளிடம் ஒப்படைத்துவிட்டுத் துறவுக்குப் போனார்.

அந்தத் தங்கையை விட்டு என் மனம் நகரவே இல்லை. அந்தோணியாரை நான் வணங்குகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் வீட்டில் ஒருவர் துறக்கும்போது இன்னொருவருடைய சோறும் சேர்ந்து போகிறதே. பல வருடம் கழித்து அவர் தங்கையைச் சந்தித்தபோது, அவள் முதிர்ந்து, மற்றக் கன்னிகைகளுக்குத் தலைவியாக இருந்தாளாம். அதைப் படித்த பிறகுதான் விளக்கை அணைத்தேன்.

மார்ச் 30 – ஞாயிறு

இன்று வேறோர் இடத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். காணிக்கைக்கு முன்பு, தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்ட சுவிசேஷத்து ஏழை விதவையைப் பற்றிய பிரசங்கம். “கழுத்தில் கிடப்பது கர்த்தருக்கா, உனக்கா?” என்று மேடையிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் கை கழுத்துக்குப் போய்ப் போய் இறங்கியது.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்த விதவை வருவதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது யூத மத போதகரை, இயேசு கண்டிக்கிறார். மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தில் நாற்பதாம் வசனம் அது. விதவையின் கதை நாற்பத்தொன்றில் தொடங்குகிறது. நாற்பதை விட்டுவிட்டு நாற்பத்தொன்றிலிருந்து பிரசங்கிக்க மனம் எப்படி வருகிறது? நிலத்தை விற்று, பணத்தில் ஒரு பங்கை மறைத்த அனனியாவிடம்கூட அப்போஸ்தலன் பேதுரு, நிலம் விற்கப்படுமுன்னே உன்னுடையதாகத்தானே இருந்தது என்றுதான் கேட்டார். அவன்மேல் விழுந்த குற்றம் பொய். கையில் வைத்துக்கொண்டதற்காக அவனை யாரும் குற்றப்படுத்தவில்லை.

ஏப்ரல் 8 – செவ்வாய்

பீரோவை ஒழுங்குபடுத்தும்போது ஒரு கைக்குட்டை முடிச்சு கையில் தட்டுப்பட்டது. பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் பெண்ணின் கம்மல், அரைப் பவுன். மகளுக்குக் கல்லூரியில் கட்டணம் கட்ட இருபதாயிரம் கேட்டு வந்தபோது, “இது உங்களிடம் இருக்கட்டும் டீச்சர்” என்று கொடுத்துவிட்டுப் போனாள். வட்டி வாங்கவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. இரண்டு வருடமாகத் தினமும் அவள் காதைப் பார்க்கிறேன். துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகியிருக்கிறாள். அதைக் கண்டும் ஒன்றும் தோன்றாமல் இட்லி வாங்கி வந்திருக்கிறேன்.

ஈடாக வாங்கின வஸ்திரத்தைப் பொழுது போகுமுன் திருப்பிக் கொடு, அவன் வேறு எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்கிறது வேதத்தில் யாத்திராகமம்.

ஏப்ரல் 17 – பெரிய வியாழன்

முடிச்சோடு போனேன். கடனும் வேண்டாம், கணக்கு முடிந்தது என்றேன். பயந்துவிட்டாள். “உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா டீச்சர்?” என்று கேட்டாள். இல்லை என்று நம்பவைக்கவே நேரமாயிற்று. பிறகு அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. “வீட்டில் இருந்தால் அவர் எடுத்துப்போய் அடகு வைத்துவிடுவார். எனக்காக நீங்களே வைத்திருங்கள்.”

அதே முடிச்சு, அதே பீரோ. ஆனால் சாவியைத் திருப்பும்போது கை வேறு மாதிரி இருந்தது. உக்கிராணத்துவம், அதாவது பிறர் பொருளை அவர்களுக்காகப் பொறுப்பாகக் காப்பது, என்று பிரசங்கங்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 21 – திங்கள்

போப் பிரான்சிஸ் இன்று காலை காலமானார். ஈஸ்டருக்கு மறுநாள், 88 வயதில். நான் போப்பின் கீழ் வராத சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரி, ஆனாலும் மனம் கலங்கிவிட்டது. 2013-இல் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, ஏழைகளை மறந்துவிடாதீர்கள் என்று ஒரு கர்தினால் காதில் சொன்னதும், ஏழ்மையை ஏற்றுக்கொண்ட புனிதர் அசிசியின் பிரான்சிஸ் நினைவுக்கு வந்தாராம். போப்புகளில் அந்தப் பெயரை முதலில் எடுத்தவர் அவர்தான். அரண்மனை அறைகளை விட்டுவிட்டு விருந்தினர் விடுதியிலேயே தங்கிவிட்டார்.

ஏப்ரல் 27 – ஞாயிறு

போப்பை நேற்று அடக்கம் செய்தார்கள். அலங்காரம் வேண்டாம், மண்ணில் வையுங்கள், பெயர் மட்டும் போதும் என்று உயிலில் கேட்டிருந்தாராம்.

மாலையில் இட்லிக் கடைப் பெண் வந்தாள். அண்ணன் மகளுக்குக் கல்யாணம். முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன். என் கண்ணாடிமுன் நின்று ஈர்க்குச்சிகளை உருவிவிட்டுக் கம்மலைப் போட்டுக்கொண்டாள். வலது காதில் திருகாணி ஏறவில்லை, நான் பிடித்துத் திருகிவிட்டேன். அவள் போய்விட்டாள். குச்சிகள் இரண்டும் மேசைமேல் கிடக்கின்றன.