இடது ஹெட்லைட்டும் மினுக்கிய நீல விளக்கும்

எங்கள் பழைய காரின் இடது ஹெட்லைட் எரியவில்லை என்று மட்டும் சொன்னால் விஷயம் முழுதாக வராது. டிம்மில் போட்டாலும் பிரைட்டில் போட்டாலும் உள்ளே இருக்கும் இழை அணையப்போகும் கரித்துண்டு மாதிரிச் சிவந்து தெரிந்தது, அவ்வளவுதான். வலது பக்கம் நன்றாகவே எரிந்தது. கூடவே இன்னொரு விசித்திரம்: டிம்மில் ஓட்டும்போதே, பிரைட் போட்டால் மட்டும் எரிய வேண்டிய நீல விளக்கு டாஷ்போர்டில் மங்கலாக மினுக்கிக்கொண்டிருந்தது.

தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்துவிட்டு, “எர்த் பிடிக்கல சார், ஒயரை மாத்திடலாம்” என்றார். எர்த் என்றால் கரண்ட் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, காரில் பாடித் தகரமே அது. பொதுவாக அது நல்ல ஊகம்தான். ஆனால் ஊகத்துக்கு ஒயர் மாற்ற மனம் வரவில்லை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய, வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் வீட்டில் சும்மாதான் கிடந்தது.

முதலில் பல்ப். பின்னால் மூன்று கால் உள்ள எச்-4 வகை: டிம் இழைக்கு ஒன்று, பிரைட் இழைக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. இடது பல்பைக் கழற்றி வலது பக்கம் போட்டேன், பளிச்சென்று எரிந்தது. பல்பில் கோளாறில்லை. ஹாலஜன் பல்பைத் தகர அடிப்பகுதியில்தான் பிடிக்க வேண்டும். விரல் எண்ணெய் கண்ணாடியில் பட்டால் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி ஆயுள் குறையும். கழற்றியபோதுதான் அடியில் அச்சிட்டிருந்ததைப் பார்த்தேன்: 100/90 வாட், அதாவது பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90. காருக்கு உரியது 60/55. எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் இரண்டு பக்கமும் பெரிய பல்பாகப் போட்டிருக்கிறார்.

அடுத்தது ஃபியூஸ். இந்தக் காரில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஃபியூஸைப் பிடுங்க வேண்டியதில்லை, அதன் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். விளக்கைப் போட்டுவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையை பாடியில் தொட்டு, சிவப்பு முனையை இரண்டிலும் மாறிமாறி வைத்தேன். இரண்டிலும் 12.4 வோல்ட். ஆக, ஃபியூஸ் வரைக்கும் கரண்ட் வருகிறது.

இனிமேல்தான் சுவாரசியம். பல்பைக் கழற்றிய காலி ஹோல்டரில், பொதுக் காலுக்குரிய துளையில் சிவப்பு முனையை வைத்து, கறுப்பு முனையை பாடியில் தொட்டால் அங்கேயும் 12.4. விளக்கு ஸ்விட்சை அணைத்தாலும் அதே 12.4. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த கார்கள் பலவற்றில் இப்படித்தான். பேட்டரியின் பாசிட்டிவ், ஃபியூஸ் வழியாக நேரே பல்பின் பொதுக் காலுக்கு வந்து காத்திருக்கும். ஸ்விட்ச் செய்வதெல்லாம் டிம் ஒயரையோ பிரைட் ஒயரையோ எர்த்தில் சேர்ப்பதுதான். பல்பிலிருந்து பக்கத்துத் தகரத்துக்குப் போகும் எர்த் ஒயரே கிடையாது.

நீல விளக்கின் புதிரும் இங்கேயே அவிழ்ந்தது. இடது பல்பின் பொதுக் காலுக்கு பாசிட்டிவ் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். டிம் போட்டதும் கரண்ட் சுற்று வழியில் வரும்: வலது பல்பின் பிரைட் இழை, அங்கிருந்து பிரைட் ஒயர், இடது பல்பின் பிரைட் இழை, அதன் டிம் இழை, கடைசியில் எர்த். மூன்று இழையும் வரிசையாக இருப்பதால் 12 வோல்ட் மூன்றாகப் பிரிந்து ஆளுக்கு நாலு வோல்ட்தான். அதற்கு இழை சிவக்கும், வெளிச்சம் தராது. நீல விளக்கு வலது பிரைட் இழைக்கு இணையாக இருப்பதால் அதற்கும் நாலு வோல்ட் கிடைத்து மினுக்குகிறது. காகிதத்தில் வரைந்து பார்த்தபோது அத்தனை அறிகுறியும் பொருந்தியது.

அப்படியானால் காலி ஹோல்டரில் 12.4 காட்டியது எப்படி? மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ஒயரில் நாலு செம்பு நூல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்டேஜ் காட்டிவிடும். 55 வாட் பல்ப் கேட்பது நாலரை ஆம்பியருக்கு மேல். அந்தக் கரண்ட் ஓட வேண்டிய நேரத்தில் அளந்தால்தான் வண்டவாளம் தெரியும். பல்பை மாட்டி, விளக்கைப் போட்டு, ஹோல்டரின் பின்பக்கமாக முனையை நுழைத்து அதே டெர்மினலைத் தொட்டேன். 4.1 வோல்ட்!

ஃபியூஸில் 12.4, ஹோல்டரில் 4.1. நடுவில் இருப்பது ஒரே ஒயர். ரப்பர் மூடியை முழுக்க விலக்கினால் ஹோல்டரின் அந்த மூலை மட்டும் பழுப்பேறி இளகியிருந்தது. டெர்மினலோடு ஒயரை நசுக்கிப் பிடித்த இடத்தில் செம்பு கறுத்துப் பொடிந்திருந்தது. 90 வாட்டுக்கு ஏழரை ஆம்பியர் ஓடும். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால், இணைப்பில் பிறக்கும் சூடு 55 வாட்டுக்கு இருப்பதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அத்தனையும் மெல்லிய ஒயரில். எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைத்ததுதான் மிச்சம்.

வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள சென்னை ஜி.பி. ரோட்டில் பீங்கான் ஹோல்டர், தடித்த ஒயரோடு சேர்ந்தே கிடைக்கிறது. கறுத்த செம்பு தீர்ந்து பளபளப்பான செம்பு தெரியும் வரை பழைய ஒயரை வெட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. முறுக்கி, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போர்த்தினேன். பழைய ஹோல்டரில் எந்த ஒயர் எந்தக் காலுக்கு என்று போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. புது ஹோல்டரின் ஒயர் நிறங்களை நம்ப முடியாது. இரண்டு பக்கமும் 60/55 பல்ப் போட்டேன். இடது பக்கம் எரிந்தது, நீல விளக்கும் தன் வேலையை மட்டும் பார்க்கிறது.

எஞ்சினை ஓடவிட்டு அளந்தால் பேட்டரியில் 14.1, இடது பல்பின் கால்களுக்கு நடுவே 12.9. பழைய ஒயரும் ஸ்விட்சும் சேர்ந்து 1.2 வோல்ட்டை விழுங்குகின்றன. வோல்டேஜ் பத்து சதம் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் முப்பது சதம் போல விழும் என்பதால் இது சின்ன நஷ்டமில்லை. ஸ்விட்சின் சின்னக் கரண்டை வைத்து, பேட்டரியிலிருந்து பல்புக்குப் போகும் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலே போட்டால் மீட்கலாம். ஆனால் கடையில் விற்கும் ரெடிமேட் செட் பெரும்பாலும் பாசிட்டிவ் பக்கம் ஸ்விட்ச் உள்ள கார்களுக்கானது. அப்படியே மாட்டினால் நீல விளக்கு மறுபடி கோளாறு செய்யும். அதற்கு ஒயரிங்கை வரைந்துகொண்டிருக்கிறேன். வலது ஹோல்டரும் லேசாகப் பழுத்திருக்கிறது, ரிலே வேலையோடு சேர்த்து அதையும் பீங்கானாக மாற்ற வேண்டும்.