ஹிந்தி ஹீரோ வாடகை கட்டி எத்தனை வருஷமாச்சு?

போன வாரம் விமர்சனம் எழுதறதுக்காக ஒரு ஹிந்திப் படத்துக்குப் போனேன், பேர் வேண்டாம் விடுங்க. ஹீரோயின் ஏதோ பத்திரிகைல சாதாரண ரிப்போர்ட்டராம், ஆனா அம்மணி மும்பை பாந்த்ரா வீட்டு பால்கனி கதவைத் தொறந்தா நேரா கடல். அதுக்கப்புறம் எனக்கு கதையே மண்டைல ஏறல, இந்தப் பொண்ணு மாசம் எவ்ளோ வாடகை கட்டுது, டெபாசிட்டுக்கு யார்கிட்ட கை நீட்டுச்சுன்னு மனசு பாட்டுக்கு கணக்கு போட்டுட்டே இருந்துச்சு. நானும் 2006ல அதே மும்பைல, செம்பூர்ல ஒரே ரூம்ல நாலு பேரா பாய் விரிச்சு படுத்தவன்தான், ஒரு மாச வாடகைய கமிஷனா வாங்கிட்டுப் போன புரோக்கர் காலைல ஒரு மணி நேரம்தான் தண்ணி வரும்ங்கறத மட்டும் சொல்லாம போயிட்டான். அந்த வயித்தெரிச்சலும் இதுல கொஞ்சம் கலந்திருக்கும், இல்லன்னு சொல்லல.

ஆனா ஹிந்தி சினிமா எப்பவுமே இப்படி இல்லீங்க. 1977ல பீம்சைன் எடுத்த கரோந்தா பாருங்க. அமோல் பாலேகரும் ஜரீனா வஹாபும் ஒரே ஆபீஸ்ல வேலை பாக்கறாங்க, லவ்வுக்கு வீட்டுல எதிர்ப்பு, வில்லன் கட்டத்தொரைங்கற பேச்சே இல்ல, கல்யாணம் பண்ணினா குடியிருக்க பம்பாய்ல ஒரு ஃப்ளாட் வேணும், அவ்ளோதான் மொத்த சிக்கலும். சிறுகச் சிறுக சேத்து கட்டின பணத்த பில்டர் ஏமாத்திடறான். அதுக்கப்புறம் அமோல் ஜரீனாகிட்ட, நம்ம முதலாளிக்கு உடம்பு சரியில்ல, அவரக் கட்டிக்கோ, அவர் போனதும் நம்ம சேந்துக்கலாம்ங்கற அளவுக்கு எறங்கிடறான். இத்தனைக்கும் அவன் கெட்டவன் இல்ல, நல்லா பழகின பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருக்கறவன்! அதான் பகீர்னு இருக்கும். ஜெய்தேவ் மியூசிக்ல ஒரு மெட்டு, மொதல்ல ஊருக்குள்ள ரெண்டு பைத்தியங்க வீடு தேடி அலையறதா டூயட்டா வரும், பிற்பாடு அதே மெட்டு இந்த ஊர்ல ஒத்தை ஆளா நிக்கறேன்னு சோலோவா திரும்ப வரும். நடுவுல என்னாச்சுன்னு அந்த மெட்டே சொல்லிடும்.

"சினிமாக்குப் போறதே கனவு காணத்தானேப்பா, உன் வாடகை ரசீதையும் அங்க பாக்கணுமா"ன்னு ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான். சரி, கனவுக்கே வருவோம், தீவார், 1975, சலீம் ஜாவேத் எழுதினது. துறைமுகத்துல மூட்டை தூக்கின அமிதாப் கோட்டு சூட்டோட ஒரு பெரிய பில்டிங்க விலைக்கு வாங்கறார், கேட்டத மறு பேச்சில்லாம குடுத்துட்டு, உங்களுக்கு வியாபாரமே தெரியல, இன்னும் சில லட்சம் சேத்து கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன், இத கட்டும்போது எங்கம்மா இங்க கல்லு சுமந்தாங்கங்கற மாதிரி சொல்லுவார். இதுவும் கனவுதான், ஆனா கனவுக்குள்ளயே விலைச் சீட்டு தொங்குது பாருங்க. நம்ம ரஜினி தீ-ல பண்ணினதும் இதே கதைதான்.

அப்புறம் 90கள் பாதிக்கு மேல வெளிநாட்டு மார்க்கெட், மல்டிபிளக்ஸ்னு வந்ததும் டிக்கெட் வாங்கற ஆளே மாறிட்டார், கதைல இருக்கற ஆளும் கூடவே மாறிட்டார். 2001ல வந்த கபி குஷி கபி கம்ல டெல்லி பணக்காரர் வீடுன்னு காட்டினாங்களே, வெளிலேர்ந்து பாக்கற அந்த மாளிகை இங்கிலாந்துல இருக்கற வாடஸ்டன் மேனர். டெல்லில வீடா கெடைக்கலன்னு அன்னிக்கு சிரிச்சேன். ஆனா படம் அழ வெச்சுடுச்சு, அத ஒத்துக்கணும்.

நடுவுல சில பேர் முழிச்சுட்டுதான் இருந்தாங்க. திபாகர் பானர்ஜியோட கோஸ்லா கா கோஸ்லால (2006) அனுபம் கேர் ஆசையா வாங்கின காலி மனைய ஒருத்தன் வளைச்சுப் போட்டுடுவான், மொத்தப் படமும் அந்த மனைக்காகத்தான், தமிழ்ல பொய் சொல்லப் போறோம்னு கூட வந்துச்சு. தி லஞ்ச்பாக்ஸ்ல இர்ஃபான் பால்கனில நின்னு சிகரெட் புடிச்சுட்டு எதிர் வீட்டுக் குடும்பம் சாப்பிடறதப் பாக்கற ஷாட் போதும், மனுஷன் எவ்ளோ தனியா இருக்கார்னு புரிஞ்சுடும்.

போன வாரப் படத்துக்கு ரெண்டு ஸ்டார் போட்டேன். டைரக்டர் ரசிகர் ஒருத்தர் "உங்களுக்கு பொறாமை சார்"னு மெசேஜ் பண்ணிருந்தார். ஆமாங்க, அந்த பால்கனி மேலதான்.