நாளை அரங்கேற்றம்

"நீங்க பாடுங்க தம்பி, நான் பிடிச்சுக்கிறேன்" என்றார் ஹார்மோனியக்காரர்.

நாளை மாலை 'வள்ளி திருமணம்' மேடையேறுகிறது. நான்தான் முருகன். வேலன், வேடன், கிழவனான விருத்தன் என்று வேடம் மாற்றுவதற்குள் மூச்சு முட்டுகிறது.

விருத்தப் பாட்டு மேலே போகப் போகக் குரல் பிசிறியது. அவர் கண்ணை மூடியபடி என் குரலுக்கு ஒரு நூலிழை பின்னாலேயே விரல்களை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் தடுமாறிய இடத்தில் அவரும் நின்றார்.

அவர், நடிகர்களைத் தனித்தனியாக வரவழைத்து நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தில் ஊறியவர். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் அதற்கு ஒத்திகையே கிடையாது. நாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் வேறு ஊர், மேடையில்தான் சந்திப்பு. இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம், அவ்வளவுதான்.

எங்களுக்கோ வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தும், முருகனும் வள்ளியும் வாதாடும் தர்க்கத்தில் யார் எங்கே நிறுத்துவது என்று இன்னும் சண்டை. வரிகள் தெரியும். எதிரில் இருப்பவரைக் கேட்கத்தான் வரவில்லை.

நாளை வள்ளி திடீரென்று ஒரு கேள்வியைக் கூடுதலாகப் போட்டால்?

போடக்கூடியவர்தான் அவர்.