வெள்ளிக்கிழமை மதியங்கள்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மறு ஆண்டு, 2022இல், வர்ஜீனியாவில் ராணுவத்துக்கு மென்பொருள் எழுதித் தரும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. சீக்ரெட் கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி, வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. நான் கைச்சுத்தமான ஆள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அதற்கு நிரப்ப வேண்டிய எஸ்எஃப்-86 என்ற படிவம் 130 பக்கத்துக்கு மேல் போகும். பத்து வருஷத்து முகவரிகள், பெற்றோர், மாமனார் மாமியார் விவரம் எல்லாம் வேண்டும். அம்மாவுக்குப் பிறந்த தேதி இரண்டு: பள்ளிக்கூடத்தில் போட்டது ஒன்று, பாட்டி சொன்னது ஒன்று. அதற்கே ஒரு நாள் போனது. அப்புறம் வந்தது வேலை பற்றிய கேள்வி. கடந்த 7 ஆண்டுகளில் உங்களை வேலையிலிருந்து நீக்கினார்களா? நீக்கப்போகிறோம் என்று சொன்ன பிறகு நீங்களாக விலகினீர்களா?

விலகியிருந்தேன், 2018இல். வெள்ளிக்கிழமைகளில் மதியம் இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டு டைம்ஷீட்டில் எட்டு மணி நேரம் என்று போடுவேன். ஐந்து மாதம் ஓடியது. வாசலில் தேய்க்கிற பேட்ஜின் கணக்கு காட்டிக்கொடுத்தது. ராஜினாமா கொடுத்தால் விஷயம் இத்தோடு போகும் என்றார் மேனேஜர். கொடுத்தேன். வீட்டில் லே ஆஃப், ஆட்குறைப்பு என்று சொன்னேன்.

"கடிதத்தில் உன் கையெழுத்துதானே மச்சான் இருக்கு? இல்லைன்னு போட்டுட்டுப் போ" என்றான் நண்பன். ஆசையாகத்தான் இருந்தது. விதிகளை எடுத்துப் படித்த பிறகு அந்த ஆசை போய்விட்டது. 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த 13 நெறிமுறைகளை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். கடன் ஒன்று, குடி ஒன்று, போதை ஒன்று. ஐந்தாவது நெறிமுறை தனிப்பட்ட நடத்தை. முதலாளியின் நேரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்று என் வெள்ளிக்கிழமைகளை அதில் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அதற்கும் மேலே, முதல் ஆளாக நின்றது, படிவத்தில் வேண்டுமென்றே மறைப்பது. அது 5 ஆண்டு வரை சிறை வாங்கித் தரக்கூடிய குற்றம். செய்த தப்பு சின்னது, பழையது, திரும்ப நடக்கவில்லை என்றால் அதை எடைபோட்டுப் பார்க்க இடம் இருக்கிறது. மறைத்துவிட்டு, அவர்கள் ஆதாரத்தை நீட்டிக் கேட்ட பிறகு ஒப்புக்கொண்டால் அந்த இடம் வெகுவாகச் சுருங்கிவிடும். சந்தேகம் மிஞ்சினால் தீர்ப்பு நாட்டின் பக்கம்தான், நம் பக்கம் இல்லை.

'ஆம்' என்று போட்டு, நடந்ததை எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து விசாரணை அதிகாரி வந்தார். வயதான பெண்மணி, மரியாதையாகப் பேசினார். எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை மணி நேரம், எங்கே போனீர்கள் என்று ஒன்று விடாமல் கேட்டார். கடைசியில், "இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார். நண்பனுக்குத் தெரியும் என்றேன். "மனைவிக்கு?" தெரியாது என்றேன். எழுதிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். மறைத்து வைத்திருக்கும் விஷயத்தைப் பிடித்து யாராவது மிரட்டலாம், வளைக்கலாம் என்பதும் அதே ஐந்தாவது நெறிமுறையில் இருக்கிறது. படித்தபோது உளவாளிக் கதை என்று தாண்டிப் போயிருந்தேன்.

அன்று இரவு குழந்தை தூங்கிய பிறகு அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்த மேனேஜரை நான் எத்தனை நாள் வாயாரத் திட்டியிருக்கேன்! நீங்களும் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

மறுநாள் காலை, மனைவிக்கும் தெரியும் என்று அதிகாரிக்குத் தகவல் அனுப்பினேன். அதற்கு ஏழு மாதம் கழித்துக் கிளியரன்ஸ் வந்தது. இப்போதும் வெள்ளிக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்கு வந்தால், அவள் முதலில் கடிகாரத்தைப் பார்க்கிறாள்.